தோளுக்கு ஒத்தடம்

கிடங்கில் மூட்டை இறக்கும் அவள், தன் இடுப்பில் கைவைத்த மேஸ்திரியை எல்லோர் முன்னிலையிலும் அறைந்தாள். அன்றிலிருந்து அவன் அவளுக்கு மட்டும் தள்ளுவண்டியைத் தராமல், எல்லா மூட்டையையும் தோளிலேயே சுமக்கவைத்தான்.

வீட்டில் தங்கை வெந்நீரில் துண்டை முக்கிப் பிழிந்து ஒத்தடம் கொடுத்தாள். "வேலையை விட்டுடுக்கா."

"மாட்டேன்டி. அவனக் கவுக்காம நான் நகரமாட்டேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு கையை மெல்லச் சுழற்றி, இறுகிய தசையைத் தளர்த்துவாள். காலையில் மறுபடியும் போய் நிற்பாள். கடைசியில், அவனிடம் அவதிப்பட்ட மற்றப் பெண்களையும் திரட்டி முதலாளியிடம் போனாள். மேஸ்திரி வேலை பறிபோய், அவனும் மூட்டை தூக்க வந்தான்.

முதல் நாளே முதுகு பிடித்துக்கொண்டது. "இதுக்கு வீட்ல என்னம்மா பண்றது?" என்று அவளிடமே கேட்டான்.

"எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். மனசு குளுகுளுவென்று இருந்தது.