பதூல் வீட்டு அங்கணக்குழி

எல்லோரும் மரியாதையாக லல்லா என்று கூப்பிடும் பதூலைப் பற்றி எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் நல்லவள், சுத்தக்காரி என்று சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு ‘பாவம்’ போடுவார்கள். வாய் பேசாத பிள்ளையோடு காலம் தள்ளுகிறாளாம். அந்தப் ‘பாவம்’ எனக்குப் பிடிக்காது. அவள் அடுப்படிக்கும் என் அடுப்படிக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் தும்முவது எனக்குக் கேட்கும், நான் தட்டைப் போட்டு உடைப்பது அவளுக்குக் கேட்கும். இத்தனை வருஷப் பழக்கத்தில் சொல்கிறேன், அவள் பாவமெல்லாம் இல்லை. அசாத்தியப் பிடிவாதக்காரி.

எனக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிட எனக்கு நேரம் நிறைய உண்டு. அவள் அடுப்படியை இடித்துக் கட்டலாம் என்று முதலில் கிளப்பிவிட்டதும் நான்தான்.

எங்கள் ஸலா ஊரின் பழைய கோட்டைச் சுவருக்குள் வீடு கட்டியவர்கள் முற்றத்துக்கு மெனக்கெட்டதில் கால்வாசிகூட அடுப்படிக்கு மெனக்கெடவில்லை. பதூலின் அடுப்படிக்குள் ஒருத்தி நுழைய வேண்டுமென்றால் உள்ளே இருப்பவள் வெளியே வர வேண்டும். ஜன்னல் கிடையாது. மூலையில் தரையோடு தரையாக அங்கணம், முழங்கால் உயரத்தில் ஒரு குழாய், தண்ணீர் போவதற்கு இரும்பு மூடி போட்ட குழி. பாத்திரம் தேய்ப்பது, மீன் கழுவுவது, கீரை அலசுவது எல்லாம் குந்தித்தான். அவளுக்கு முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. சுவரைப் பிடித்து எழுந்திருக்கும்போது அவள் முனகுவது என் வீடு வரை கேட்கும்.

“ஏண்டி பதூல், இப்படியே குந்திக் குந்தி ஒருநாள் குந்துன வாக்குலயே போகப்போற. மகன் ஆத்துக்கு அந்தப் பக்கம் ரபாத்துல ஊரான் வீட்டுக்கெல்லாம் மேடை போட்டு, அலமாரி அடிச்சு, புது அடுப்படி கட்டிக் குடுக்குறான். பெத்தவ தரையில கெடக்குற.”

“என் அடுப்படி எனக்குப் போதும். ஆசையா இருந்தா நீ கட்டிக்கோ.”

“எனக்கு முழங்கால் நல்லாருக்கு.”

“வாயும் நல்லாத்தான் இருக்கு.”

அவள் மகன் இத்ரீஸ் முற்றத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். முப்பதைத் தாண்டிய ஆள். தச்சு வேலை முடிந்து ஆற்றைக் கடந்து வரும்போது புருவத்தில் மரத்தூள் ஒட்டியிருக்கும். அவன் பிறவியிலேயே ஊமை இல்லை. சின்ன வயதில் வாய் மூடாமல் பேசுவான். எனக்கே சில நாள் தலைவலி வந்துவிடும்.

சுடுதண்ணீரைக் குழியில் கொட்டுவதற்கு முன்னால் எங்கள் பக்கம் ‘பிஸ்மில்லா’ சொல்வோம். மண்ணுக்குக் கீழே குடியிருக்கும் ஜின்கள் மேல் பட்டுவிடக்கூடாது, விலகிக்கொள்ள நேரம் கொடுக்க வேண்டும் என்பது கணக்கு. எனக்கு நம்பிக்கை கிடையாது, ஆனாலும் சொல்வேன். வாய் தேய்ந்தா போகும்? பதூலும் தவறாமல் சொல்கிறவள்தான். ஒரு வெள்ளிக்கிழமை விருந்தாளிகள் முற்றத்தில் காத்திருக்க, அவசரத்தில் ஒரு சட்டித் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கச் சொல்லாமல் கொட்டிவிட்டாள். ஆறு வயது இத்ரீஸ் பக்கத்திலேயே குந்தி ஏதோ கதை அளந்துகொண்டிருந்தான். ஒரு சொட்டுகூட அவன் மேல் படவில்லை. ஆவி எழுந்தது. பாதி வாக்கியத்தில் நிறுத்தினான். மீதியை இன்றுவரை சொல்லவில்லை.

ரபாத்தில் டாக்டர்கள் காதைப் பார்த்தார்கள், நாக்கைப் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். தர்காவில் படுக்க வைத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் பதூல் அடுப்படியில் தனியாகப் பேச ஆரம்பித்தாள். சுவர் வழியாக முணுமுணுப்பு கேட்கும். துஆ ஓதுகிறாள், அல்லாவிடம் முறையிடுகிறாள் என்று நான் விட்டுவிட்டேன்.

என் பேச்சு இத்ரீஸுக்கு ஏறிவிட்டது. அந்த வாரமே ஒரு சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படித் தரையிலும் சுவரிலும் நிஜ அளவிலேயே வரைந்தான். இங்கே இடுப்பு உயரத்தில் தொட்டி, இங்கே கேஸ் அடுப்பு, முற்றத்துப் பக்கம் சுவரை உடைத்து ஜன்னல், கழுவிய தண்ணீர் புதுக் குழாய் வழியாகத் தெருச் சாக்கடைக்கே நேராகப் போய்விடும். அழகான திட்டம். ஓடு நான் தேர்ந்தெடுத்தேன், பச்சை. பழைய குழியின் மேல் அவன் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தான். அடைக்க வேண்டும் என்று அர்த்தம்.

மறுநாள் பார்த்தால் மற்ற கோடெல்லாம் இருந்தது, அந்தக் குறி மட்டும் இல்லை. ஈரத்துணியால் துடைத்திருந்தாள். அவன் மறுபடி போட்டான். அவள் மறுபடி துடைத்தாள். தாயும் மகனும் ஒரு வார்த்தை இல்லாமல் சண்டை போடுவதை நான் அப்போதுதான் பார்த்தேன். எனக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது.

“தொட்டிதான் மேல வருதே, அந்த ஓட்டைய வெச்சிக்கிட்டு என்ன செய்யப்போற? கரப்பான் வளக்கப்போறியா?”

“அது இருக்கட்டும்,” என்றாள்.

கடைசியில் கொத்தனார் ஹம்மாதியை நானே கூட்டிவந்தேன். பதூல் கைகட்டி மூலையில் நின்றாள். ஹம்மாதி குழி எவ்வளவு ஆழம் என்று பார்க்க இரும்பு மூடியைக் கம்பியால் நெம்பித் தூக்கினான். குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. நாற்றமே இல்லை.

“உம்மா?” என்றது குழி.

ஹம்மாதி குப்புறப் படுத்து உள்ளே எட்டிப் பார்த்தான். “யாரோட பிள்ளை உள்ள விழுந்து கெடக்கு? டேய் தம்பி, எங்கடா இருக்க?” என்றான்.

“உங்ககிட்ட பேசல. உம்மாகிட்ட பேசுறேன்,” என்றது. அதே குரல். எனக்குத் தலைவலி கொடுத்த குரல்.

குழியின் வாய் ஒரு சாண் அகலம்கூட இல்லை. எந்தப் பிள்ளையும் அதில் விழ முடியாது. அது ஹம்மாதிக்கு உறைக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. உறைத்ததும் சாமான்களைப் போட்டது போட்டபடி முற்றத்துக் கதவைத் தாண்டி ஓடிவிட்டான். எனக்கும் ஓட வேண்டும்போல்தான் இருந்தது. பதூல் குந்தி, மூடியை மெதுவாகத் திரும்ப வைத்தாள்.

“எத்தனை நாளா?” என்று கேட்டேன்.

“அன்னையிலேர்ந்தே.”

“பயமா இல்லையாடி?”

“பெத்த பிள்ளகிட்ட என்ன பயம்? என்ன சமையல்னு கேப்பான். சொல்லுவேன். கதை கேப்பான். அவனுக்கு இன்னும் ஆறு வயசுதான், ஹனியா. வளரவே இல்ல.” சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பூரிப்பு இருந்தது. அதைப் பார்த்ததும் பயம் போய்க் கோபம் வந்தது.

“அப்ப தெனம் சாயங்காலம் உனக்கு ரொட்டி வாங்கிட்டு வர்றானே ஒருத்தன், அவன் யாரு?”

“அவன்தான் பேசமாட்டேங்கிறானே.”

“நீ பேசுனியா அவன்கிட்ட?”

பதூல் மூடியை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்தாள்.

வாசலில் நிழல் விழுந்தது. இத்ரீஸ் நின்றிருந்தான். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை. எல்லாம் அவனுக்கு முன்பே தெரியும் என்று அப்போது புரிந்தது. சின்னப் பையனாக இதே வாசலில் நின்று, தாய் தனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழிக்குக் கதை சொல்வதைக் கேட்டிருக்கிறான். தன் குரல்மேலேயே பொறாமைப்பட்டு வளர்ந்திருக்கிறான்.

அவன் உள்ளே வந்து மண்டியிட்டான். காலையில் தான் போட்ட குறியைத் தானே உள்ளங்கையால் அழித்தான். சாக்குக்கட்டியைத் தாயின் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு, முற்றத்துக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். உன் இஷ்டம் என்று இதற்கு மேல் எப்படிச் சொல்ல முடியும்?

பதூல் ரொம்ப நேரம் கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழிருந்து, “உம்மா, இன்னிக்கு என்ன சமையல்?” என்றது.

“ஆட்டுக்கறியும் பட்டாணியும் கண்ணு.”

“எனக்கு?”

அவள் தலையைத் தூக்கி, “இத்ரீஸ்!” என்று கூப்பிட்டாள்.

“என்ன உம்மா?” என்றது குழி.

அதே நேரம் முற்றத்தில் உட்கார்ந்திருந்தவனும் திரும்பிப் பார்த்தான்.

பதூல் இரண்டையும் பார்த்தாள். குழியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். நரைக்கத் தொடங்கிய அவன் தலையை அவள் அன்றுதான் முதல்முறையாகக் கவனித்திருப்பாள்.

“உன்னைத்தாம்பா,” என்று முற்றத்தைப் பார்த்துச் சொன்னாள். “சிமென்ட்டைக் குழைச்சுக் கொண்டா.”

அவன் குழைத்துக் கொண்டுவந்தான். அவள் சத்தமாக பிஸ்மில்லா சொல்லிப் பச்சைத் தண்ணீரை ஊற்றினாள். முதல் கரண்டியை அவளே வைத்தாள், வேறு யாரையும் தொட விடவில்லை. “உம்மா, இருட்டா இருக்கு,” என்று கேட்டது. அவள் கை நிற்கவில்லை. கண்ணீர் சிமென்ட்டிலேயே விழுந்தது. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.

புது அடுப்படி நன்றாக அமைந்தது. பதூல் இப்போது நின்றுகொண்டு பாத்திரம் தேய்க்கிறாள், ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தபடி. இத்ரீஸ் வீட்டில் இருந்தால் போதும், மத்தி மீன் விலையிலிருந்து என் குறட்டை வரை ஒன்று விடாமல் அவனிடம் ஒப்பிக்கிறாள். அவன் சத்தமில்லாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். இத்தனை வருஷத்துப் பேச்சை இரண்டு மாதத்தில் பேசி முடிக்கப் பார்க்கிறாள், கேட்கிற எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

தூக்கம் போனதற்கு அது மட்டும் காரணம் இல்லை. எங்கள் சந்தில் எல்லா வீட்டுக் குழியும் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று சேர்கிறது. யோசித்திருந்தால் எனக்கு முன்பே தெரிந்திருக்கும். ஒரு மத்தியானம் உருளைக்கிழங்கு வெந்த தண்ணீரை வடிக்கப் பழக்கதோஷத்தில் பிஸ்மில்லா சொன்னேன்.

“உம்மாவா?” என்று என் குழி கேட்டது.

அடுப்புத் துணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். “இல்லப்பா. அடுத்த வீட்டு ஹனியா.”

“உம்மா எங்க?”

“சந்தைக்குப் போயிருக்கா. வந்துடுவா,” என்றேன். வேறு என்ன சொல்வது? தினமும் கேட்கிறான், தினமும் அதையே சொல்கிறேன். பிறகு என்ன சமையல் என்கிறான். அதையும் சொல்கிறேன். பதூலிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் அவள் சுவரை உடைத்துக்கொண்டு வந்து என் குழியருகே உட்கார்ந்துவிடுவாள். அந்தப் புது ஜன்னல் சும்மா கிடக்கும், இத்ரீஸ் மறுபடி தனியாகிவிடுவான்.

போன வாரம், “உன் அடுப்படி என்னோடதைவிட கேவலம். அளந்துட்டு வரச்சொல்லி அனுப்புறேன்,” என்று பதூல் இத்ரீஸை அனுப்பிவிட்டாள். வேண்டாம் வேண்டாம் என்று நான் கையை ஆட்டுவதற்குள் அவன் குந்தி அளவுநாடாவை நீட்டிவிட்டான்.

“அங்க யாரு?” என்றது குழி. “யாரோ மூச்சு விடுறாங்க.”

இத்ரீஸ் கையிலிருந்த நாடா சரக்கென்று சுருண்டது. அவன் வாயைத் திறந்தான், காற்று மட்டும்தான் வந்தது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“உன் அண்ணன்,” என்றேன்.

கீழிருந்து குரல் இன்னும் கிட்டத்தில் வந்தது.

“எனக்கு அண்ணன் இருக்கானா?” அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

இத்ரீஸ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

“இருக்கான்பா,” என்றேன். “இங்கதான் உக்காந்திருக்கான்.”