அடுத்த பஸ்ஸில் வந்த சிரிப்பு

போன வாரம் ஒரு நண்பன் காமெடி வீடியோ ஒன்றை செல்போனுக்கு அனுப்பியிருந்தான். ஒருவர் பேசுகிறார், பின்னால் கூட்டம் சிரிக்கிறது. டப்பாவில் அடைத்து வைத்துத் திறந்துவிடுவார்களே, அந்தச் சிரிப்புதான். சிரிப்பு அடங்கியதும் நான் காத்திருக்க ஆரம்பித்தேன், இரண்டு மூச்சு நேரத்துக்கு. இருபது வருடப் பழக்கம். பல் போன இடத்தை நாக்கு தடவிப் பார்க்கிற மாதிரி.

மரக்காணத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. அப்போது நான் திண்டிவனத்தில் காலேஜ் முதல் வருடம். பாடத்தைத் தவிர எல்லாவற்றிலும் ஆர்வம். ஞாயிறு மத்தியானமானால் உப்பளத்துக்கு ஓடுவேன். அங்கே ஆரோக்கியம் அண்ணனின் டிரான்சிஸ்டர், பாலிதீன் பைக்குள் ஒரு கம்பில் தொங்கும். பை இல்லையென்றால் பேட்டரி ஸ்பிரிங்கை உப்புக்காற்று தின்றுவிடும். அப்படியும் துருப் பிடிக்கும். உப்பு வாருகிற வேலைக்கு நடுவே அவர் பிளேடால் அதைச் சுரண்டுவார். அந்தத் துரு வாசனை வந்தால் எனக்கு இன்னும் வாய் சிரிக்கத் தயாராகிவிடும். ஏனென்றால் அடுத்து வருவது பாண்டியிலிருந்து ஒலிபரப்பாகும் எங்கள் சிரிப்பு நிகழ்ச்சி.

எங்கள் ரசிகர் மன்றத்தில் மொத்தம் மூன்று பேர். நான், ஆரோக்கியம் அண்ணன், எக்கியார்குப்பத்திலிருந்து கடலுக்குப் போகும் வேலு அண்ணன். தலைவர் பதவிக்குக்கூடப் போட்டி கிடையாது.

'நேயர்கள் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது' என்று சொல்லித்தான் நிகழ்ச்சியே ஆரம்பிக்கும். எங்கள் கெத்தெல்லாம் அந்த ஒரு வரியில் இருந்தது. "டிவில வர்றது டூப்ளிகேட் சிரிப்பு. நம்முளுது ஒரிஜினல்பா" என்பார் ஆரோக்கியம் அண்ணன், ஏதோ தன் கையால் வாரிய உப்பைப் பற்றிச் சொல்வதுபோல.

2004 மழைக்காலம். பாத்திகளில் தண்ணீர் நின்று உப்பு வேலை இல்லாத நாட்கள். அஞ்சலட்டை போட்டுக் கேட்டு, ஒலிப்பதிவைப் பார்க்க பாஸ் வாங்கிவிட்டோம். பஸ்ஸில் மூவர் சீட்டில் வேலு அண்ணன் ஜன்னலோரம். கடலுக்குப் போகிற மனுஷனுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தார். ஆரோக்கியம் அண்ணன் விடுவாரா? "ஏம்பா, அலையில ஆடாத வயிறு தார் ரோட்ல ஆடுதா?"

ஹாலில் முதல் ஜோக் விழுந்தது. கூட்டம் சிரித்தது, அடங்கியது. நிகழ்ச்சி நடத்துபவர் அடுத்ததற்கு வாயைத் திறக்கும்போது, தனியாக ஒரு சிரிப்பு. அடிபம்பு காற்றை இழுத்து இழுத்து, திடீரென்று தண்ணீர் கக்குமே, அந்த மாதிரி. வேலு அண்ணன்தான்.

"யாருய்யா அது, அடுத்த பஸ்ல வர்றது?" என்றார் நடத்துபவர். ஹாலே குலுங்கியது.

அன்றைக்கு முழுக்க அப்படித்தான். என்னைத் தோளால் இடித்து "என்னா சொன்னான்?" என்பார். நான் காதோரம் சொல்வேன். பம்பு அடிக்கும். நல்ல ஜோக்கை இரண்டு தடவை கேட்கிற ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பரில் சுனாமி வந்தது. வேலு அண்ணன் கரையில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார் என்றார்கள். வலை கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை.

ஜனவரியில் எங்கள் பதிவு ஒலிபரப்பானபோது அவர் சிரித்தார். நாங்கள் இருவரும் வரப்பில் உட்கார்ந்து அழுதோம். அது போன வருடத்துச் சிரிப்பு, சரி. ஆனால் வெயில் காலம் வந்தபிறகும் அவர் சிரித்தார்.

நிவாரணமாக வந்த பழந்துணி மூட்டைகள் உங்களுக்கு நினைவிருக்கலாம். எங்கள் ஊர் வெயிலுக்கு ஸ்வெட்டர் அனுப்பியிருந்தார்கள். அதை வைத்து ஒரு ஜோக். ஸ்வெட்டரோடு படகு தள்ளுகிறவனிடம் பெண்டாட்டி கேட்கிறாள், "ஏன்யா, வேர்க்கல?" அவன் சொல்கிறான், "வேர்க்குது. கழட்டினா காத்தடிச்சு குளுருதுடி!"

கூட்டம் சிரித்தது. அடங்கியது. இரண்டு மூச்சு. பம்பு அடித்தது.

சுற்றிலும் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூச வைக்கும் உச்சி வெயில். நான் வரப்பிலிருந்து எழுந்துவிட்டேன். ஆரோக்கியம் அண்ணன் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு பாலிதீன் பையையே பார்த்தார்.

சாயங்காலம் வேலு அண்ணனின் மனைவி அஞ்சலை அக்கா உப்பளத்துக்கே வந்துவிட்டார். அவரும் கேட்டிருக்கிறார். "தம்பி, நீ படிச்சவன் சொல்லு. செத்துப்போனவருன்னா, ஸ்வெட்டர் வந்தது அவருக்கு எப்டிப்பா தெரியும்?"

படித்தவனுக்கு டேப்பை வெட்டலாம், ஒட்டலாம் என்று தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவே இல்லை. எங்கள் நிகழ்ச்சியில்தான் டூப்ளிகேட் கிடையாதே! அப்படியானால் அவர் அந்த ஹாலில் இருந்திருக்கிறார். அலை அடித்து, ஊர் பேர் மறந்து எங்கெங்கோ திரிகிறவர்களைப் பற்றி அப்போது எங்கும் கதைகள். எல்லாம் மறந்து சிரிப்பு மட்டும் மிஞ்சியவர் என்று நாங்கள் முடிவே கட்டிவிட்டோம். அன்றே பாஸுக்கு எழுதிப் போட்டேன்.

இந்த முறை மூவர் சீட்டில் அஞ்சலை அக்கா. மடியில் மஞ்சப்பை. உள்ளே வேலு அண்ணன் போன தடவை போட்டு வந்த கட்டம் போட்ட சட்டை. "கட்டுன லுங்கியோட போனவரு. பஸ்ல சும்மாவா கூட்டியாறது?"

ஹாலில் அவர் மேடைக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்தார். "ஏம்மா, திரும்பி உக்காரு" என்றார் பின்வரிசைக்காரர். "நீ சிரிய்யா, நான் பாக்கறேன்."

ஒவ்வொரு ஜோக்கிலும் கூட்டம் சிரித்து அடங்கும். அக்கா பாதி எழுந்து நிற்பார். ஒரு சத்தமும் இருக்காது. மறுபடி உட்கார்வார். கடைசியில் ஹால் காலியானது. அவர் காலி நாற்காலிகளை வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கண்ணாடி அறைக்குள் இருந்த ஒலிப்பதிவாளரிடம் போய்க் கேட்டேன். விஷயம் தெரியாமல் மனுஷன் பூரித்துப்போனார். "கூட்டம் டல்லா இருந்தா பழசை எடுத்து ஒட்டுவோம் தம்பி. இது தங்கமான சிரிப்பு. நாங்க 'அடுத்த பஸ்'னே பேர் வெச்சிருக்கோம். வெட்டாததே இருக்கு, கேக்கறீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் பட்டனைத் தட்டிவிட்டார். வெறும் ஹாலில், பெரிய ஸ்பீக்கரில், கூட்டம் சிரித்து அடங்கியது. பிறகு ரேடியோவில் நாங்கள் கேட்டிராத ஒன்று. "என்னா சொன்னான்?" என்றது வேலு அண்ணனின் குரல். தொடர்ந்து என் கிசுகிசுப்பு. அதற்குப் பிறகுதான் சிரிப்பு.

அஞ்சலை அக்காவுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சட்டை இருந்த மஞ்சப்பையை இறுக்கிக்கொண்டார்.

"காது ரெண்டும் மந்தம். படகு மோட்டாரு சத்தம் தின்னுடுச்சு. வெளிய சொல்ல வெக்கம் அவருக்கு. பக்கத்துல ஒருத்தரு எடுத்துச் சொல்லணும்." பைக்குள் கைவிட்டுச் சட்டையைத் தடவினார். பிறகு, "அன்னிக்கி ஓடு ஓடுன்னு எல்லாருந்தான் கத்தினாங்க. பக்கத்துல ஆளில்ல" என்றார்.

ஒலிப்பதிவாளருக்கு அப்போதுதான் புரிந்தது. எழுந்து நின்றுவிட்டார். "வேணாம்னா அழிச்சிடறேன்மா."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "இருக்கட்டும்யா. நல்ல ஜோக்குக்கு மட்டும் போடு. மொக்கைக்கெல்லாம் அவரு சிரிக்க மாட்டாரு."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் பையை வைத்துவிட்டு அவர் நடுவில் உட்கார்ந்தார். அவருக்கு இந்தப் பக்கம் நான். ஆரோக்கியம் அண்ணன் நின்றுகொண்டே வந்தார். கீழ்புத்துப்பட்டில் கூட்டம் ஏறியது. கண்டக்டர் பையைக் காட்டி, "ஆளு இருக்குதாம்மா?" என்றார்.

"அடுத்த பஸ்ல வர்றாரு."

கண்டக்டர் சிரித்துவிட்டு நகர்ந்தார். எனக்குப் பையிலிருந்து காய்ந்த எலுமிச்சை வாசனை வந்தது. அதற்குப் பிறகு மரக்காணம் வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை.

ஒலிப்பதிவாளர் வார்த்தை தவறவில்லை. அந்தச் சிரிப்பு அபூர்வமாகத்தான் வந்தது. வந்தால், அது நிஜமாகவே நல்ல ஜோக். அடுத்த வருடம் நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். டேப் என்னவாயிற்றோ தெரியாது. உப்பளத்தில் இப்போது கம்பில் எதுவும் தொங்குவதில்லை. எல்லோர் காதிலும் தனித்தனியாக ஒயர்.

நண்பன் அனுப்பிய வீடியோவிலும் நான் அந்தச் சிரிப்புக்காகக் காத்துத்தான் இருந்தேன். ஆனால் ஒரு மூச்சு முடிவதற்குள் அடுத்த வீடியோ தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் இருப்பவர் காதில் எடுத்துச் சொல்கிற நேரம்கூட விடவில்லை.