சிவமலர் அக்காவின் புதன்கிழமை வகுப்பு

சிவமலர் அக்கா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் ஹெமி. ஒடாஹுஹு பகுதியில் வீடில்லாதவர்கள் தங்கும் விடுதி ஒன்றுக்கு நான் மேலாளர். ஹெமி அங்கே தங்கியிருப்பவர். திங்கட்கிழமை காலை நான் அலுவலகத்தைத் திறக்கும்போதே வந்து, "மலர் நேற்று போய்விட்டார். உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியாது. புற்றுநோய் என்பதே தெரியாது. விடுதியில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒன்றரை மாதமாகத் தெரிந்திருக்கிறது. நான்கு வருடம் கூடவே இருந்த எனக்கு மட்டும் அக்கா சொல்லவில்லை. அவரை அறிந்த உங்களுக்கு இதில் வியப்பு இருக்காது. எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அஞ்சலியை இப்படித் தொடங்கக் கூடாதுதான். ஆனால் அவர்மேல் எரிச்சல் வராத ஒரு வாரம்கூட எனக்கு நினைவில்லை.

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், மவுண்ட் ரோஸ்கில் பகுதியில் குடியிருந்தார். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் மூச்சைக் கவனித்து மனதை அமைதிப்படுத்தும் மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி கற்றுக்கொண்டு, புதன்கிழமைகளில் எங்கள் விடுதிக்கு வந்து சொல்லிக்கொடுத்தார். முதல் வகுப்பில் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். ஹெமி மூடவில்லை. "தெருவில் கண்ணை மூடினால், திறக்கும்போது காலில் ஷூ இருக்காது" என்றார். அக்கா அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டார். மறுவாரம் நாற்காலிகளையெல்லாம் சுவரோரம் நகர்த்திப் போட்டு, கதவைத் திறந்து வைத்தார். அதன்பிறகு யாரையும் கண்ணை மூடச் சொன்னதில்லை.

அதுவரைக்கும் சரி. தகராறு படிவத்தில் ஆரம்பித்தது. வகுப்புக்கு முன்னும் பின்னும் மனம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று, வருகிறவர்களிடம் ஒன்று முதல் பத்துக்குள் மதிப்பெண் வாங்கித் தரச் சொன்னார்கள் வகுப்புக்கு நிதி கொடுப்பவர்கள். அக்கா வெற்றுத் தாள்களையே திருப்பித் தந்தார்.

"வீட்டுக்கு, வேலைக்கு, டொக்டருக்கு எண்டு நாள் முழுக்க ஃபோர்ம் நிரப்புற சனம் தம்பி. என்ர வகுப்பிலயுமோ?"

கெஞ்சினேன். கோபித்தேன். தாள்கள் வெற்றாகவே வந்தன.

நிதி அதிகாரி ஒருவர் வகுப்பைப் பார்க்க வந்தார். பெருமையோடு அழைத்துப் போனேன். உள்ளே ஒன்பது பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் குறட்டை வேறு. அக்கா மட்டும் வாசலருகே விழித்து உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் சத்தம் போடாதீர்கள் என்று கையைக் காட்டினார். அதிகாரி போனபின் கத்தினேன்.

"இன்னிக்கு ஒரு நாளாவது எழுப்பி உட்கார வச்சிருக்கக் கூடாதாக்கா?"

"நான் முழிச்சிருப்பன் எண்டு நம்பித்தானே தம்பி படுத்தவை. நானே எழுப்பலாமோ?"

நிதி நின்றது. இனி வகுப்புக்கு அறை கிடையாது என்று நான்தான் போனில் சொன்னேன். "ஓம் தம்பி, விளங்குது" என்றார். என்ன விளங்கியதோ, அடுத்த புதன்கிழமை கார் பார்க்கில் ஒரு மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்திருந்தார். ஹெமியும் மற்றவர்களும் தங்கள் அறை நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மழை தூறியது. நான் குடையோடு நின்று இன்சூரன்ஸ், விதி என்று பேசிக்கொண்டிருந்தேன்.

"நனையுதுகள் தம்பி. உள்ளுக்கு வரச் சொல்லுங்கோவன்."

வரச் சொன்னேன். வேறென்ன செய்வது? நிர்வாகக் குழுவுக்கு என் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அக்கா அதற்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. மறுவாரம் வந்து, அறையில் குளிர் அதிகம், ஹீட்டர் வேண்டும் என்றார்.

நோயை என்னிடம் ஏன் மறைத்தார் என்று ஹெமியிடம் கேட்டேன். "சொன்னால் ஓய்வெடுங்கள் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்களாம்." உண்மைதான். அனுப்பியிருப்பேன். கடைசிப் புதன்கிழமைகளை அவரிடமிருந்து பிடுங்கியிருப்பேன். அவர் என்னைச் சரியாகக் கணித்து வைத்திருந்தார் என்பது இன்னும் எரிச்சல்.

போன புதன்கிழமை அக்காவுக்குப் பதிலாக அந்த அறைக்கு நானே போனேன். மூச்சைக் கவனிக்கவெல்லாம் எனக்குத் தெரியாது. ஏழு பேர் வந்தார்கள். பத்து நிமிடத்தில் நான் மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்தேன். ஹெமி பொறுத்துப் பார்த்துவிட்டு, "உங்களைப் பார்த்தாலே எங்களுக்குப் பதற்றமாக இருக்கிறது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. போகவில்லை.

அக்காவின் பொறுமை எனக்கு வராது. அவருடைய பிடிவாதம் கொஞ்சம் வந்திருக்கிறது. முழு ஒரு மணி நேரமும் உட்கார்ந்திருந்தேன்.