இரண்டு ஜீப்பும் ஒரே பக்கம் கத்தின

1. நாலு செக்கனும் நாலரை செக்கனும்

"தம்பி, நாலு செக்கனிலை நூறு போற ஜீப் நல்லதோ, நாலரை செக்கனிலை போறது நல்லதோ?"

குலசிங்கம் அண்ணை என்னிடம் முதன்முதலில் கேட்ட கேள்வி இதுதான். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீற்றர் வேகம் பிடிக்க எத்தனை விநாடி என்கிற கணக்கு. கொக்குவிலில் அவருடைய வீட்டு வாசலில் நின்று கேட்டார். அந்த ஒழுங்கையில் ஓர் ஓட்டோ வந்தால் சைக்கிளில் போகிறவர் இறங்கி மதிலோடு ஒட்டி நிற்க வேண்டும்.

"நூறு போய் எங்கை அண்ணை நிக்கப்போறியள்? அஞ்சாவது செக்கனிலை கோப்பாய்ச் சந்தி வந்திடும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் அவருடைய மனைவி புவனேஸ்வரி அக்கா சிரித்தது கேட்டது.

என் தொழில் வாகனம் திருத்துவது. நாற்பது வருடம் அதில் கழிந்துவிட்டது. இப்போது கையில் கிறீஸ் படுவது குறைவு. வாகனம் வாங்கப் போகிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். பொனற்றைத் திறந்து எஞ்சினைப் பார்ப்பேன், கீழே படுத்துப் பார்ப்பேன், பிழை காட்டுகிற ஸ்கேனர் போட்டுப் பார்ப்பேன், பக்கத்தில் இருந்து ஓர் ஓட்டம் போய்ப் பார்ப்பேன். கடைசியில் 'எடுக்கலாம்' அல்லது 'வேண்டாம்' என்று ஒரு சொல் சொல்வேன். எனக்கு வயது அறுபத்தொன்று, தலை முழுக்க நரை. குலசிங்கம் அண்ணைக்கு அறுபத்தேழு. அதனால் நான் தம்பி.

அவர் ரொறன்ரோவில் முப்பது வருடம் பலசரக்குக் கடை நடத்தியவர். பிள்ளைகளைக் கரைசேர்த்துவிட்டு இருவரும் ஊருக்கு வந்து ஒரு வருடமாகிறது. அங்கே இருந்த காலம் முழுவதும் வெங்காய மூட்டை ஏற்றுகிற வான்தான் ஓடினாராம். "இனி எனக்கெண்டு ஒரு வாகனம் வேணும் தம்பி" என்றார். ஆறு மாதமாக இணையத்தில் வீடியோ பார்த்து இரண்டு ஜீப்பைத் தெரிவுசெய்து வைத்திருந்தார். விற்பனைக்காரர்கள் அவற்றை எஸ்.யூ.வி. என்பார்கள். எங்களுக்கு உயரமான வாகனம் எல்லாம் ஜீப்தான்.

ஏற்கெனவே ஓடிய அந்த இரண்டையும் கொழும்பிலிருந்து தருவித்து நிறுத்தியிருந்தவர் ரஞ்சன். யாழ்ப்பாண நகரத்தில் வாகனம் விற்கிற யாட் வைத்திருப்பவர். ஒன்று ஜெர்மன்காரர் செய்த கறுப்பு, மற்றது இங்கிலாந்துக்காரர் செய்த வெள்ளை. இரண்டுக்கும் டேர்போ, இரண்டுக்கும் எயார் சஸ்பென்ஷன், இரண்டுக்கும் சமையலறை மேசை அளவில் திரை. ரோர்க் என்கிற இழுவிசை எவ்வளவு, குதிரை வலு எவ்வளவு என்று குலசிங்கம் அண்ணை ஒப்புவித்தார். நான் கேட்டுக்கொண்டே முற்றத்தில் நின்ற அவருடைய சின்னக் காரைப் பார்த்தேன். இடப்பக்கக் கண்ணாடி உடைந்து, ஒட்டுநாடா சுற்றியிருந்தது. இடப்பக்கக் கதவுகளில் மதில் உரசின கோடுகள்.

கனடாவிலிருந்து வருகிறவர்களின் கார் இப்படித்தான் இருக்கும். அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், இங்கே வலப்பக்கம். பழக்கதோஷத்தில் இடப்பக்கமாக ஒதுங்கி ஒதுங்கி ஓடுவார்கள். அப்படித்தான் நினைத்தேன். அது என் முதல் பிழை.

2. கறுப்பு

முதல்நாள் கறுப்பு. ரஞ்சன் அதைக் கொக்குவிலுக்கே கொண்டுவந்து கொடுத்தார். குலசிங்கம் அண்ணை ஓட்டினார், நான் இடப்பக்கம், அக்கா பின்சீற்றில்.

ஒழுங்கையில் பத்து அடி போகவில்லை, வண்டி 'பீப் பீப்' என்று கத்தத் தொடங்கியது.

"உது என்ன தம்பி?"

"சென்சர் அண்ணை. இடப்பக்கம் மதில் கிட்ட வருது எண்டு சொல்லுது."

"மதில் எங்கையோ நிக்குது. உது பிழை. உதை நிப்பாட்டும்."

இறங்கிப் பார்த்தேன். சென்சரில் செம்மண் படிந்திருந்தது. துடைத்தேன். திரும்ப ஏறினோம், திரும்பக் கத்தியது. சரி, பழைய வாகனம்தானே, வயரில் ஏதாவது இருக்கும் என்று எண்ணித் திரையில் அதை நிறுத்திவிட்டேன். வண்டி வாய்மூடியது. அண்ணையின் முகம் மலர்ந்தது. அது என் இரண்டாவது பிழை.

பெரிய வீதிக்கு வந்ததும் 'ஸ்போர்ட்' பொத்தானை அழுத்தினார். வண்டி உறுமியது. முன்னால் ஒரு மாட்டுவண்டி போனது. அதை முந்த இடமில்லை. ஐந்நூறு குதிரை வலுவுக்கு மேல் உள்ள வண்டி இரண்டு மாட்டின் பின்னால் உறுமிக்கொண்டே கால்மணி நேரம் போனது.

"நல்ல சத்தம், என்ன?" என்றார் அண்ணை.

"மாடு பயப்பிடுதப்பா" என்றார் அக்கா.

3. வெள்ளை

அடுத்தநாள் வெள்ளை. காலை ஒன்பது மணிக்குப் பருத்தித்துறை வீதியால் புத்தூர்வரை போய்வருவது என்று ஏற்பாடு. ஸ்கேனரில் ஒரு பிழையும் இல்லை. சென்சர்களை ஒவ்வொன்றாகக் கை நீட்டிச் சோதித்தேன், எல்லாம் சுத்தமாக வேலை செய்தன.

நீர்வேலியில் வாழைக்குலைச் சந்தைக்குக் கிட்ட வேகத்தைக் குறைத்தார். உடனே வெள்ளையும் கத்தத் தொடங்கியது. அதுவும் இடப்பக்கம்தான்.

"இதுவும் பிழையோ? உவங்கள் ஒருத்தனுக்கும் சென்சர் செய்யத் தெரியாது. நிப்பாட்டும் தம்பி."

நான் திரையைத் தொட விரலை நீட்டினேன். ஓர் அங்குலம் இருக்கும்போது ஏனோ நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் இடப்பக்க மூலைக்கு நேரே ஒருவர் சைக்கிளில், கரியரில் இரண்டு வாழைக்குலையோடு போய்க்கொண்டிருந்தார். ஜீப் அவரை நோக்கிச் சாய்ந்துகொண்டே போனது. அண்ணை ஓர் இமைகூட அசையாமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டியரிங்கைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தேன். அக்கா கத்தினார். பக்கக் கண்ணாடி ஒரு குலையில் உரசிச் சில காய்கள் தெறித்தன. சைக்கிள் ஆடி, ஆடி, நின்றது. அந்த மனிதர் விழவில்லை.

"ஐயா, கண் தெரியேல்லையோ உமக்கு?" என்று அவர் கத்தினார். "இவ்வளவு பெரிய றோட்டிலை என்ரை மேலைதான் ஏத்த வேணுமோ?"

யாழ்ப்பாணத்தில் வாகனம் ஓடுகிற எல்லாரும் இந்தக் கேள்வியை வாங்கியிருப்போம். யாரும் பதில் சொல்லியிருக்க மாட்டோம். குலசிங்கம் அண்ணை வெளிறிப்போய் இறங்கினார். "நான் உங்களைக் காணேல்லை தம்பி. சத்தியமாய்க் காணேல்லை" என்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் குரலைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. இவர் கவனியாமல் விடவில்லை. உண்மையிலேயே காணவில்லை.

ஒரு வண்டி கத்தினால் அந்த வண்டியில் பிழை தேடலாம். வேறுவேறு நாட்டில், வேறுவேறு ஆட்கள் செய்த இரண்டு வண்டியும் ஒரே பக்கம் கத்தினால், இரண்டுக்கும் பொதுவாக இருந்தது ஓட்டின ஆள் மட்டும்தான்.

4. பிளேன்ரீ

பக்கத்தில் இருந்த தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரர் மூன்று பிளேன்ரீ கொண்டுவந்தார். அண்ணையின் கிளாசை வாங்கி அவருக்கு இடப்பக்கம், கைக்கு எட்டுகிற தூரத்தில் நானே வைத்தேன்.

ஒரு நிமிடம் போயிற்று.

"எனக்குத் தேத்தண்ணி வரேல்லையோ?" என்றார்.

அக்கா கிளாசைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணை, கோவிக்கக்கூடாது" என்றேன். "வாகனத்திலை பிழை இல்லை. ரண்டிலையும் இல்லை. உங்கடை கண்ணை ஒருக்கால் காட்ட வேணும்."

அவருக்குக் கோபம் வந்தது. "என்ரை கண்ணுக்கு என்ன? லைசன்ஸ் எடுக்கேக்கை கடைசி வரி வரைக்கும் வாசிச்சனான். ரொறன்ரோவிலை ஒருத்தரையும் இடிச்சதில்லை. உம்மை ஜீப் பாக்கத்தானே கூப்பிட்டனான்!"

அக்காதான் பேசினார். சத்தம் போடாமல், மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"தம்பி, ஊருக்கு வந்தாப்பிறகு இவர் என்னைத் திரும்பிப் பாக்கிறதே இல்லை. கார்லை பக்கத்திலை இருந்தாலும் ஏதோ தனியப் போற மாதிரித்தான். சாப்பிடேக்கை இடப்பக்கம் வைக்கிற கறியைத் தொடவே மாட்டார். என்ரை சமையல் அலுத்துப்போச்சு எண்டு நினைச்சன். என்னையும் அலுத்துப்போச்சு எண்டு நினைச்சன்."

குலசிங்கம் அண்ணை அவரைத் திரும்பிப் பார்த்தார். முழுத் தலையையும் திருப்பிப் பார்த்தார்.

"எந்தக் கறி?" என்றார்.

கடைக்காரருக்குக் காசு கொடுத்தேன்.

எழும்பும்போது அக்கா கை நீட்டினார். "சாவியைத் தாங்கோ."

"உமக்கு இது ஓடேலாது. இது ஸ்கூல் பஸ் இல்லை."

"ஓம். இது சின்னன்."

எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. அக்கா ரொறன்ரோவில் பத்தொன்பது வருடம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவர், பனிக்காலம் உட்பட. ஊருக்கு வந்ததும் இருவரும் லைசன்ஸ் எடுத்திருந்தார்கள். 'சனம் என்ன சொல்லும்' என்று அண்ணை அக்காவின் லைசன்சை அலுமாரியில் வைத்திருந்தார். அதை அக்கா தன் கைப்பைக்கு மாற்றி எவ்வளவு காலம் என்று நான் கேட்கவில்லை. சீற்றை முன்னுக்கு இழுத்தார், கண்ணாடிகளைச் சரிசெய்தார், புறப்பட்டார். கொக்குவில் ஒழுங்கைவரை வெள்ளை ஒரு தடவைகூடக் கத்தவில்லை.

5. ஆளை ஏன் பார்த்தீர்

கண் டாக்டர் சொன்னதை அக்கா எனக்குப் போனில் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, இடக்கண்ணின் ஓரப்பார்வையை மெல்ல மெல்லத் தின்றுவிட்டது. நோகாது, சிவக்காது. நடுப்பார்வை கடைசிவரை நிற்பதால் எழுத்தெல்லாம் வாசிக்கலாம். போனது திரும்பி வராது. வலக்கண்ணிலும் தொடங்கியிருந்தது, ஆனால் தினமும் துளிமருந்து விட்டால் அதைக் காப்பாற்றலாம். இனி வாகனம் ஓடக்கூடாது.

விற்பனை நின்றுபோனதால் ரஞ்சன் என்னோடு ஒரு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு கேட்டார்: "பாஸ், உம்மை வாகனம் பாக்கத்தானே கூப்பிட்டது. ஆளை ஏன் பாத்தனீர்?"

நான் கொக்குவிலுக்குப் போய் அண்ணையைப் பார்த்தேன். விறாந்தையில் இருந்தார். வீடியோ பார்க்கவில்லை. "முப்பது வருஷம் அந்த வெங்காய வானுக்குள்ளை இருந்து நல்ல வாகனம் போறதைப் பாத்தனான் தம்பி. என்ரை முறை வரேக்கை இப்பிடி" என்றார். எஞ்சினைப் பற்றி என்றால் ஏதாவது சொல்லியிருப்பேன். அவரோடு ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து அக்காவின் போன் வந்தது. "தம்பி, ரண்டு ஜீப்பும் இன்னும் நிக்குதோ?"

6. அக்கா தெரிவுசெய்த விதம்

வாங்குவதற்கு முன் ஓடிப்பார்க்கிற ரெஸ்ற் ட்ரைவ்களில், நான் பார்த்ததிலேயே ஒழுங்கானது அதுதான். செக்கன் கணக்கு அக்கா கேட்கவில்லை. கறுப்பில் ஏறியிருந்து பார்த்தார், வெள்ளையில் ஏறியிருந்து பார்த்தார். வீட்டுக் கேற்றுக்குள் இரண்டையும் பின்பக்கமாக விட்டு எடுத்தார். அண்ணையை இடப்பக்கச் சீற்றில் ஏறி இறங்கச் சொன்னார். கறுப்பில் அவருக்கு இரண்டு தரம் தலை இடித்தது.

"வெள்ளை" என்றார் அக்கா. "பொனற்றின்ரை ரெண்டு மூலையும் தெரியுது. இவருக்கும் தலை தப்பும்."

"கறுப்புக்கு அரைச் செக்கன் கூட வேகம்" என்றார் அண்ணை.

"அந்த அரைச் செக்கனிலை நீங்கள் தலையைக் குனிஞ்சு ஏறுங்கோ."

வெள்ளையைத்தான் எடுத்தார்கள். நானும் 'எடுக்கலாம்' என்றேன், ஆனால் அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அக்கா ஓட்டும்போது அவர் அண்ணைக்கு வலப்பக்கம் வருகிறார், பார்வை உள்ள பக்கம். "இப்ப றோட்டைப் பாக்கிறேல்லைத் தம்பி, என்னைத்தான் பாத்துக்கொண்டு வாறார்" என்று அக்கா குறைப்பட்டார். "பாத்துப் பாத்துப் பிழை சொல்லுறார்." குறைப்படுகிறவரின் முகமாக அது இருக்கவில்லை.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் நிறுத்தச் சொல்கிறார் என்பதற்காக, கத்துகிற எதையும் நிறுத்தாதீர்கள். ஏன் கத்துகிறது என்று முதலில் பாருங்கள். காரணம் வயரில் இருக்கலாம், சீற்றில் இருக்கிறவரிடமும் இருக்கலாம். கறுப்பின் சென்சரை நிறுத்தியபோது நான் அதைப் பார்க்கவில்லை. நீர்வேலியில் ஒருவர் தன் வாழைக்குலைகளோடு வீடு போய்ச் சேர்ந்தது என் கெட்டித்தனத்தால் அல்ல.

போன மாதம் நானும் அதே கண் டாக்டரிடம் போனேன்.

"என்ன குறை?" என்று கேட்டார்.

"ஒரு குறையும் தெரியேல்லை ஐயா" என்றேன். "அதுதான் வந்தனான்."