பூட்டுப்பட்ட போனுக்குள் என் குரல்

என் குரல்வளையை எடுக்கத்தான் வேண்டும் என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து ஒப்பரேசன் நாள்வரை பதினொரு நாள் இருந்தது. அதில் இரண்டு நாளை என் குரலைப் பதிந்து வைப்பதற்குச் செலவழித்தோம். வார்டில் இருந்த நேர்ஸ்தான் அந்த யோசனையைத் தந்தார்.

"ஐயா, வீட்டிலை அடிக்கடி கதைக்கிற கதையளை உங்கடை போனிலை பதிஞ்சு வையுங்கோ. பிறகு அமத்தினால் உங்கடை குரலிலையே சொல்லும்."

வடமராட்சிக் கரையில் இருபத்தாறு வருடம் மீன் ஏலம் கூறியவன் நான். காற்றுக்கும் எஞ்சின் சத்தத்துக்கும் மேலால் கத்திக் கத்தியே சீவித்தவன். அந்தத் தொண்டை போகப்போகிறது என்பதைவிட எனக்குப் பெரிய பயம் இன்னொன்று இருந்தது. என் மனைவிக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. நீரிழிவு எனும் சீனி வருத்தம் கட்டுக்குள் வராததால் கண் ஒப்பரேசனைத் தள்ளிக்கொண்டே போனார்கள். ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. நான் எழுதிக் காட்டினாலும் அவளால் வாசிக்க ஏலாது. ஒரே மகள் கலியாணம் கட்டி உடுப்பிட்டியில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

போன், அமெரிக்காவில் இருக்கும் என் தங்கச்சி அனுப்பியது. முதல் நாள் அந்தப் போனிலேயே இருந்த ஒலிப்பதிவுப் பெட்டியில் பதிந்தோம். மனைவி பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாய்ச் சொல்லித் தந்தாள். "தண்ணி வேணும் எண்டு சொல்லுங்கோ. மருந்து எங்கை எண்டு கேளுங்கோ. நோகுது, பசிக்குது, வாறன், ஓம், இல்லை, ஆர் அது?" எல்லாம் தேவைக்கான சொற்கள். அடுத்த நாள் மகள் வந்து, பெரிய பெரிய பொத்தான்கள் உள்ள ஒரு செயலியைப் போட்டுத் தந்தாள். முதல் நாள் பதிந்ததை அதற்குள் ஏற்றிவிட்டு, புதியவற்றை நேரே அதற்குள்ளேயே பதிந்தோம். அன்றைக்குத்தான் கொஞ்சம் மனம் இளகியது. மனைவி சொன்னாள்:

"என்னைப் பேசுறதையும் பதிஞ்சு வையுங்கோ. பேச்சு வாங்காட்டி எனக்கு எங்கடை வீட்டிலை இருக்கிற மாதிரி இராது."

பேசினேன். கறிக்கு உப்பு அள்ளிப் போட்டதற்கு, கதவைச் சாத்தாமல் விட்டதற்கு, ஒரு கதையை நூறு தரம் சொல்வதற்கு. நான் மட்டும் அவளைக் கூப்பிடும் பெயரைப் பதிந்தேன். கடைசியாக எழுந்து நின்று, "ஒருதரம், ரெண்டுதரம், மூண்டுதரம்" என்று ஏலமும் கூறி முடித்தேன். மகள் அழுதாள். மனைவி, கரையில் நிற்பவள்போல், "எனக்குத்தான் அந்த விளைமீன்" என்றாள்.

ஒப்பரேசன் முடிந்து ஒன்றரை வருடம் அந்தப் போன்தான் எனக்கு வாய். கழுத்து ஓட்டையை ஒரு துணியால் மூடிக்கொண்டு, போனை நாடா போட்டு நெஞ்சில் தொங்கவிட்டுத் திரிந்தேன். கிணற்றடியில் இருந்து அவள் கேட்பாள், நான் பொத்தானை அமத்துவேன். சண்டைகூடப் பிடித்திருக்கிறோம்.

அந்தப் போனில் ஒரு குறை இருந்தது. அது அமெரிக்காவில் ஒரு கொம்பனிக்கு என்று பூட்டப்பட்டது. அந்தக் கொம்பனியின் சிம்மைத் தவிர வேறு சிம் ஏற்காது. டவுனில் போன் திருத்தும் கடைக்காரர் ஒருவர், எங்கள் சிம்முக்குக் கீழே தாள்போல ஒரு மெல்லிய சிப்பை வைத்து அதை ஏமாற்றித் தந்திருந்தார். தரும்போதே சொன்னார்:

"அண்ணை, உது அப்டேட் கேக்கும். ஒவ்வொரு நாளும் கேக்கும். ஒரு காலமும் ஓம் எண்டு அமத்திப்போடாதேங்கோ."

ஒன்றரை வருடம் கேட்டது. நானும் 'பிறகு, பிறகு' என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு மத்தியானம் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். "ஆர் அது?" பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோகவும், அதே இடத்தில் அந்த அப்டேட் அறிவித்தல் வந்து விழவும் சரியாக இருந்தது. அமத்திவிட்டேன். திரை கறுத்தது. அரை மணித்தியாலம் கழித்து வெள்ளையாக வந்தது. இந்தச் சிம்மை ஏற்க முடியாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்கு அப்பால் எங்கேயும் போக வழியில்லை.

கடைக்காரர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் கொப்பியில் எழுதிக் கேட்டேன்: "எல்லாத்தையும் விடுங்கோ. குரல் மட்டும் எடுக்கலாமோ?"

"குரல் உள்ளுக்கைதான் கிடக்குது அண்ணை, அழியேல்லை. ஆனால் புது மென்பொருளுக்கு இந்தச் சிப்பு எடுபடாது. அந்தக் கொம்பனிச் சிம் ஒண்டு உள்ளுக்குப் போனால் கதவு திறக்கும். இல்லாட்டி அவங்கள் அங்கையிருந்து பூட்டைக் கழட்டவேணும். வேறை ஆரும் திறந்து தாறன் எண்டால் குடுத்துப்போடாதேங்கோ, துடைச்சுப்போடுவாங்கள்."

தங்கச்சி கொம்பனிக்கு அடித்தாள். அவள் அந்தப் போனைப் பழசாக ஒரு கடையில் வாங்கியவள். முதல் வாங்கியவர் வந்து கேட்டால்தான் பூட்டைக் கழட்டலாம் என்றார்களாம். அவர் யார், எங்கே இருக்கிறார், யாருக்குத் தெரியும்? அந்தக் கொம்பனிச் சிம் ஒன்றை வாங்கித் தபாலில் அனுப்பினாள். மூன்று கிழமை பார்த்தோம். தபால் கந்தோருக்கு நான் போகாத நாள் இல்லை. அது வரவேயில்லை.

அந்தக் கிழமைகளில் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று எழுதுவது கஷ்டம். கை தட்டினால் வா. இரண்டு தரம் தட்டினால் இல்லை. மிச்சம் ஒன்றுமில்லை. அவள் பாவம், நான் எந்த மூலையில் இருக்கிறேன் என்று தெரியாமல் வெறும் கதிரையோடு கதைத்துக்கொண்டிருப்பாள். நான் எழும்பிப் போய் அவள் தோளைத் தொட்டால் திடுக்கிடுவாள்.

மகள் தன் பழைய போனில், எழுதினால் தமிழில் வாசிக்கிற ஒன்றைப் போட்டுத் தந்தாள். அது ஒரு பெண் குரல், செய்தி வாசிக்கிற மாதிரி. நான் "வாறன்" என்று எழுதினால் அதைப் பிழையாக இழுத்து எதையோ சொன்னது. "வருகிறேன்" என்று எழுதினால்தான் சரியாகச் சொன்னது. குசினி அடுப்படியில் இருந்து மனைவி கத்தினாள்:

"உவள் ஆர்? ஆரைக் கூட்டிவந்து வச்சிருக்கிறியள்?"

சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அவள் உண்மையாகவே பயந்துவிட்டாள். எனக்கும் அதை மறுபடி அமத்த மனம் வரவில்லை.

ஒரு நாள் காலமை அவள் ஒழுங்கையில் மீன்காரருக்காக நின்றாள். பக்கத்து வீட்டுக்காரர் தன் ஓட்டோவை ரிவேர்சில் எடுத்தார். அவள் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது. எஞ்சின் சத்தம் கேட்டாலும், ஓட்டோ தன்னை நோக்கித்தான் வருகிறது என்பது அவளுக்குத் தெரியாது. நான் வாசல் படலையடியில் நின்றேன். கத்த வாயைத் திறந்தேன். கழுத்து ஓட்டையால் காற்றுத்தான் போனது. ஓடினாலும் பிடிக்க ஏலாது. காலில் கிடந்த செருப்பைக் கழற்றி அவள் முதுகில் எறிந்தேன். அவள் துள்ளித் திரும்பி இரண்டடி விலகினாள். ஓட்டோ அவளுடைய சேலையை உரசிக்கொண்டு போனது.

செருப்புப் பட்டது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது.

"ஏன் எறிஞ்சனீங்கள்? நான் என்ன செய்தனான்?" என்று கேட்டாள். நடு ஒழுங்கையில், சனம் பார்க்க. நான் அவள் கையைப் பிடித்து ஓட்டோவின் பக்கம் காட்டினேன். அவள் கையை உதறிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. முப்பது வருடத்தில் நான் அவள்மேல் கை வைத்ததில்லை. அதைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. அடுத்த நாள் பின்னேரம் ஓட்டோக்காரர் வந்து, "அக்கா, அண்ணை செருப்பாலை எறிஞ்சிராட்டி நேற்று நான் உங்களை ஏத்தியிருப்பன்" என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது.  என் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள்.

அதற்குப் பிறகு எனக்கு வெட்கம் விட்டுப்போனது. கோயில் திருவிழாக் காலம், வெளிநாட்டுச் சனம் நிறைய வந்து நின்றது. ஒரு மட்டையில் பெரிதாக எழுதினேன்: 'அமெரிக்காவிலிருந்து வந்தனீங்களோ? தயவுசெய்து ஒரு நிமிடம்.' அதைப் பிடித்துக்கொண்டு கோயில் வீதியில் நின்றேன். லண்டன் வந்தது, கனடா வந்தது, சுவிஸ் வந்தது. அமெரிக்கா வரவில்லை. மூன்றாம் நாள் ஒருவர், மட்டையை வாசிக்காமலே என் கழுத்துத் துணியைப் பார்த்துவிட்டு, காசுத்தாள் ஒன்றைக் கையில் திணித்துவிட்டு நடந்தார். நான் பின்னால் ஓடிப்போய்த் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். காசு காணாது, இன்னும் வேணும் என்று சொல்வதாக நினைத்தாராக்கும், இன்னொரு தாளை எடுத்தார். மட்டையை அங்கேயே கிழித்துப்போட்டு வீட்டுக்கு வந்தேன். இனிச் சரிவராது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். போனை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஆனால் மகள் விடவில்லை. உடுப்பிட்டியில் ஒரு செத்த வீட்டுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு புருசனும் பெண்சாதியும் வந்து நிற்பதாகக் கேள்விப்பட்டு, அலுமாரியில் இருந்த போனை எடுப்பித்து என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த வீடு. அங்கே போய்ச் சிம் கேட்பது சரியா என்று எனக்குக் கால் கூசியது. மகள்தான் எல்லாவற்றையும் சொன்னாள்.

அந்த மனுசன் பொறுமையாகக் கேட்டார். நாங்கள் தேடிய அதே கொம்பனிதான். தன் போனை எடுத்து நான்கு பக்கமும் சுற்றிக் காட்டினார்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. அங்கை இப்ப வாற இந்தப் போனுகளிலை சிம் போடுற இடமே இல்லை. எல்லாம் உள்ளுக்கை எழுதியிருக்கும். கழட்டித் தர ஒண்டுமில்லை."

 மகள் பெண்சாதியின் போனைப் பார்த்தாள். அது பழையது. ஓரத்தில் சிம் கழட்டும் ஊசித்துவாரம் தெரிந்தது.

"அது வேண்டாம்," என்றார் மனுசன். "எங்கடை பாங்க் கோட் எல்லாம் இவவின்ரை நம்பருக்குத்தான் வாறது. தெரியாத போனுக்குள்ளை போட ஏலாது."

அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. நானாக இருந்தாலும் கொடுத்திருக்கமாட்டேன். கொப்பியை எடுத்து, 'விளங்குது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ' என்று எழுதினேன். எழும்பவும் அந்தப் பெண் கேட்டா:

"அந்த அம்மாவுக்குக் கண் அறவே தெரியாதோ?"

மகள் செருப்புக் கதையைச் சொன்னாள். அவ புருசனின் முகத்தைப் பார்க்கவில்லை. காதில் இருந்த தோட்டைக் கழற்றி, அதன் கம்பியால் துவாரத்தில் குத்திச் சிம்மை எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தா.

"கெதியாய்ப் பாருங்கோ பிள்ளை," என்றா.

போன் திறந்தது. மகள் பொத்தான் செயலியைத் தொட்டாள். இந்தச் செயலி புதிய மென்பொருளில் வேலை செய்யாது என்று வந்தது. மறுபடி தொட்டாள், அதுவேதான் வந்தது. செய்தவர்களும் அதைக் கைவிட்டுவிட்டார்களாம், புதிதாக இறக்கவும் முடியவில்லை. அந்த மனுசன்கூட எழும்பி வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் முயன்று பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

போனின் சொந்த ஒலிப்பதிவுப் பெட்டியில் முதல் நாள் பதிந்தவை அப்படியே இருந்தன. அறுபத்திமூன்று துண்டு. ஒவ்வொன்றாய் மகளின் போனுக்கு அனுப்பினோம். சிம்மைக் கழற்றி அந்தப் பெண்ணிடம் கொடுத்தோம். இரண்டு கையாலும் கும்பிட்டேன்.

தண்ணீர், மருந்து, நோவு, பசி எல்லாம் வந்தன. அவளைப் பேசிய பேச்சு வரவில்லை. ஏலம் வரவில்லை. அவளை நான் கூப்பிடும் பெயரும் வரவில்லை. செயலிக்குள் பதிந்த அத்தனையும் அதற்குள்ளேயே போய்விட்டது.

பின்னேரம் வீட்டுக்கு வந்து, அவற்றை மகள் தந்திருந்த பழைய போனில் ஏற்றி, "வாறன்" என்று அமத்தினேன். மனைவி அடுப்படியில் இருந்து ஓடிவந்தாள்.

"வந்திட்டுதோ? எங்கை, என்ரை பெயரைச் சொல்லுங்கோ."

நான் மகளைப் பார்த்தேன். 

"அம்மா, அது வரேல்லை," என்றாள் மகள்.

"சரி," என்றாள் அவள். "சோறு அடிப்பிடிக்கப்போகுது." திரும்பிப் போய்விட்டாள்.

அந்த அறுபத்திமூன்றோடுதான் இப்போதும் நான் கதைக்கிறேன். மனைவிக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, கண் ஒப்பரேசனுக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். போன கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அயர்ந்திருந்தேன். வந்து என் காலடியில் இருந்தாள்.

"அந்தத் தண்ணி வேணும் எண்டதை ஒருக்கா அமத்துங்கோ. அதிலை உங்கடை குரல் நல்லாய் இருக்குது."

அமத்தினேன்.

"இன்னொருக்கா."

அமத்தினேன். அவள் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்குத் தாகம் இல்லை. வாங்கிக் குடித்தேன்.