பெருமாள் திருடாத கோழி

"உன் தாத்தா கோழி திருடலம்மா ரேவதி! அது பொய்லா! ஆமா, அந்தப் பொய்யைச் சொன்னவனும் நான்தான். எவ்ளோ வேணா திட்டு, போனை மட்டும் வைக்காத…"

வைத்துவிட்டாள்.

கோபம் நியாயம்தான். ரேவதி என் தோட்டத்துக் கூட்டாளி பெருமாளின் பேத்தி. ரவாங்கில் ஆபீஸ் வேலை. தாத்தாவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு ஒரு சின்னப் புத்தகம் போட நினைத்து, விவரம் தேடி லைப்ரரிக்குப் போயிருக்கிறாள். அங்கே கிடைத்தது என் கைவரிசை.

அந்த லைப்ரரி வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது… பழைய பேப்பர் கட்டு, பூச்சி உருண்டை, மழை ஈரம் காயாத கார்பெட்.

வயசான காலத்தில் நானும் பெருமாளும் அசாம் ஜாவாவில் பஸ் ஏறி கோலசிலாங்கூர் டவுனுக்குப் போவோம். படிக்க இல்லை. ஏர்கான் குளிருக்கு. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அவன் பள்ளிக்கூடம் பக்கமே போகாதவன்.

மரண அறிவிப்புப் பக்கத்தை விரித்து, "நம்ம தோட்டத்து ஆளு யாராச்சும் இருக்கானா பாரு மச்சான்" என்பான்.

"இருக்கான். நீதான். படத்துல மட்டும் கொஞ்சம் அழகா இருக்க."

சிரிப்பான். எங்களுக்குள் ஒரு சட்டம்… கேலிக்குக் கோபப்பட்டவன் தோற்றவன், அவன்தான் டீ வாங்க வேண்டும்.

அங்கே வேலை பார்த்த மலாய்க்கார அம்மா, தோட்டங்களில் வேலை செய்த பழைய ஆட்களுக்கு ஆளுக்கொரு பைல் போட்டு வந்தார். எங்கே பிறந்தார், என்ன வேலை, ஏன் தோட்டத்தை விட்டார்… ஒருநாள் பெருமாளைக் கேட்டார்.

"நீ சொல்லு மச்சான், எனக்கு மலாய் சரியா வராது" என்றான்.

எல்லாம் ஒழுங்காகத்தான் சொன்னேன். ஏன் தோட்டத்தை விட்டார் என்று கேட்டபோது வாய் கோணலாகப் போய்விட்டது. துரை வீட்டுக் கோழியைத் திருடினான், துரத்திவிட்டார்கள் என்று சொல்லிவிட்டேன்.

'ஆயாம்' என்றால் கோழி. அது மட்டும் அவனுக்குப் புரியும். என்னைப் பார்த்தான். அப்புறம் பலமாகச் சிரித்தான். காது மட்டும் சிவந்திருந்தது. கீழே கையெழுத்தும் போட்டான்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரே ஒரு தடவை கேட்டான்.

"கோழியா மச்சான்?"

அதற்குப் பிறகு சாகிறவரை கேட்கவில்லை.

அப்போது அது ஒரே ஒரு தாள். மறுநாள் போய்ச் சொல்லியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பார்கள். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. பேரைத் தட்டினால் என் பெருமாள் கோழித் திருடனாக வந்து நிற்கிறான். அவனைப் பற்றி உலகத்தில் எழுதி வைத்திருப்பது அது ஒன்றுதான்.

அவள் போனை வைத்த பிறகும் விடாமல் கெஞ்சிக் கூத்தாடி, போன சனிக்கிழமை ரேவதியை லைப்ரரிக்கு வரவழைத்தேன். திருத்தம் சேர்க்கலாமாம். ஆனால் குடும்பத்து ஆள் ஒருவர் அதற்கான பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

பாரத்தை அவள் முன்னால் வைத்துச் சொன்னேன்.

"வேலை வாங்கற மண்டோர் ஒரு புள்ளத்தாச்சியை அடிக்கக் கம்பை ஓங்கினான்மா. உன் தாத்தா அதைப் புடுங்கி ரெண்டா ஒடிச்சான். மறுநாளே அவன் குடும்பத்தை லயத்து வீட்டை விட்டு வெளிய அனுப்பிட்டாங்க."

"இதை அப்பவே ஏன் சொல்லல?"

"வெளையாட்டா…"

"உங்களுக்கு எல்லாமே வெளையாட்டு தாத்தா. அன்னிக்குக் கோழி, இன்னிக்குக் கம்பு. அடுத்த வாரம் புலி அடிச்சாரும்பீங்களா? சரி, யாரு அந்தப் பொம்பள? பேரு சொல்லுங்க, கையெழுத்துப் போடறேன்."



"இரும்மா… சொல்றேன்… அது வந்து…"

பேனாவை மூடினாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

"என் பொண்டாட்டிம்மா," என்றேன். "நான் ரப்பர் பால் வாளியோட பக்கத்துலதான் நின்னேன்… நின்னு பாத்துக்கிட்டுத்தான்…"

கண்ணாடிக் கதவு அதற்குள் தானாக மூடிக்கொண்டது.