வீட்டு நம்பரைப் போடுங்கள்

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். லாரி, ஓட்டல், மீன்பிடிப் படகு என்று ஊர் ஊராகத் திரிந்துவிட்டு, வேலை இல்லாதபோது தங்கச் சுரங்க ஊரான நந்திதுர்க்கில் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவேன். அப்படி வந்திருந்த ஒரு மழைக்காலக் காலையில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் தரை உள்வாங்கியது. கீழே பழைய சுரங்கம். ஒரு லாரி இறங்கும் அளவுக்குக் குழி. ஓரத்து மண் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

போட்டோ எடுத்து லைன் வாட்ஸப் குழுவில் போட்டேன். "பின்னால தரை எறங்கிடுச்சு. ஆபத்து."

ஐந்து நிமிடத்தில் லைனே குழியோரம் நின்றது. கைக்குழந்தையோடு ஒருத்தி, வாயில் பிரஷோடு ஒருவர்.

சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு மாமாவிடம் கேட்டேன். "இன்னா மாமா, ஆபத்துன்னு போட்டா இங்கயே வர்றீங்க?"

"சுரங்கத்துல சைரன் ஊதனா, ஆள் எறங்குற ஷாப்ட்டு வாசலுக்கு ஓடிப் பழகின ஜனம்டா. யாரு மாட்டிக்கினாங்கன்னு பாக்க வாணாமா?"

"நீ ஆபத்துன்னு சொன்னியே, எங்க போவணும்னு சொன்னியா?" என்றாள் அக்கா.

சொல்லவில்லை. காலடியில் இன்னும் கொஞ்சம் மண் சரிந்தது. மாமா அடிக்கடி சொல்லும் டோக்கன் பலகை நினைவுக்கு வந்தது. சுரங்கத்தில் இறங்குகிறவன் பலகையிலிருந்து தன் பித்தளை டோக்கனை எடுத்துப்போவான், ஏறியதும் திரும்ப மாட்டுவான். காலியாக இருக்கும் ஆணி, கீழே யார் இருக்கிறார் என்று சொல்லிவிடும்.

மறுபடி எழுதினேன். "எல்லாரும் கிரவுண்டுக்குப் போங்க. போய்ச் சேர்ந்ததும் வீட்டு நம்பரைப் போடுங்க. நம்பர் வராத வீட்டை நாங்க தேடுறோம்."

தேட ஆள் உண்டு என்றதும் கூட்டம் நகர்ந்தது. மூன்று வந்தது, பதினொன்று வந்தது, எட்டு வந்தது. பதினாறு வீடுகளில் பதினைந்து வந்துவிட்டன. ஒன்பது மட்டும் வரவில்லை.

ஒன்பது குழிக்கு நேர் முன்னால் இருக்கும் வீடு. காது கேளாத தையல்காரி ஒருத்தி தனியாக இருந்தாள்.

"குரூப்ல கீறா. மிஷின்ல குந்துனா போனைத் தொடமாட்டா" என்று அக்கா ஓடினாள். நானும் முன்வாசல் வழியாக ஓடினேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அவள் தோளைத் தொட்டு, போனைக் காட்டினாள். படித்தாள். தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை மட்டும் உருவிக்கொண்டு எங்களோடு வந்தாள்.

கிரவுண்டில் நின்று அவளே ஒன்பது போட்டாள். மதியம் அவள் வீட்டுப் பின்சுவர் குழிக்குள் போனது.

இப்போது அவள் லைனின் மறுகோடியில் குடியிருக்கிறாள். நான் மங்களூரில் படகில் இருக்கிறேன். நந்திதுர்க்கில் பெருமழை எச்சரிக்கை வந்தால் லைன் குழுவில் நம்பர்கள் விழத் தொடங்கும். முதலில் வருவது ஒன்பது. வீடு மாறியும் அவள் நம்பரை மாற்றவில்லை.